சென்னைக்கு வேலைக்கு வருகிறீர்களா? ஜிம்முக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

2011 ஜூலையில் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு சூட்கேஸ், ஒரு பக்கெட், அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி டப்பா சகிதம் சென்னையில் வந்து இறங்கியபோது என் எடை 61 கிலோ. 34 வயதில் ஆபீஸ் செலவில் எடுத்த வருடாந்திரப் பரிசோதனையில் எடை 82, ரத்த அழுத்தம் 146/94, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. குடிப்பதில்லை, சிகரெட் கிடையாது, இனிப்பும் அவ்வளவாகப் பிடிக்காது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான் கேட்பார் என்று பதிலோடு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "வீட்டுல இருந்து எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க? எத்தனை மணிக்குத் திரும்பி வர்றீங்க?" காலை ஏழரை, ராத்திரி ஒன்பதரை என்றேன். "அதான் இதுல எழுதியிருக்கு" என்று ரிப்போர்ட்டை விரலால் தட்டினார்.

ஆஃபர் லெட்டரில் சம்பளம், பதவி, சேரவேண்டிய தேதி எல்லாம் தெளிவாக இருக்கும். எத்தனை மணிக்குத் தூங்குவோம், மதியம் எங்கே சாப்பிடுவோம், ஞாயிற்றுக்கிழமை யாரோடு பேசுவோம் என்பதும் அதே காகிதத்தில்தான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத மையில். அதைப் படித்துச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. அதனால்தான் இப்போது புதிதாக வருகிறவர்களுக்காக, எதை முதலில் செய்யவேண்டும் எதைக் கடைசியில் செய்யவேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். சென்னை வந்த மூன்றாவது மாதமே ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தைக் கட்டிவிட்டு மொத்தம் எட்டு நாள் போனேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு ஆட்சேபணையைப் பார்த்துவிடலாம். "எங்க தாத்தா பீடி குடிச்சுக்கிட்டே 88 வயசு வரை இருந்தார், நம்ம ரத்தம் அப்படி" என்று சொல்லாத வீடு நம் ஊரில் இல்லை. ஜப்பானின் ஒகினாவா தீவைப் பாருங்கள். வயிறு எண்பது சதவீதம் நிரம்பியதும் கையை எடுத்துவிடுவது, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தோட்ட வேலை, சாகும்வரை கூடவே இருக்கும் சிறு நண்பர் குழு என்று வாழ்ந்து, நூறு வயதுக்காரர்களுக்குப் பேர்போன இடம் அது. அதே தீவின் அடுத்த தலைமுறை காரில் போக ஆரம்பித்தது, பர்கர் சாப்பிட ஆரம்பித்தது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒகினாவா ஆண்களின் ஆயுட்காலம் ஜப்பானின் 47 மாகாணங்களில் 26-ஆவது இடத்துக்கு இறங்கிவிட்டது. ரத்தம் அதே ரத்தம்தான். உங்கள் தாத்தா தினமும் எவ்வளவு தூரம் நடந்தார், எத்தனை மணிக்குப் படுத்தார் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், பீடிக் கதையின் மீதிப் பாதி கிடைக்கும்.

வீடு பார்ப்பதுதான் முதல் வைத்தியம்

இதை யாரும் ஆரோக்கியக் குறிப்பாகச் சொல்வதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முதல் படி. நான் வந்தபோது மாமா வீடு அம்பத்தூரில் இருந்தது, ஆபீஸ் சிறுசேரியில். வாடகை மிச்சம் என்று அங்கேயே தங்கினேன். வடமேற்கு மூலையிலிருந்து தெற்கு மூலைக்குத் தினமும் பயணம். போக ஒன்றே முக்கால் மணிநேரம், வர இரண்டே கால், மழை என்றால் கணக்கே இல்லை. சுமாராக ஒரு நாளைக்கு நான்கு மணிநேரம், மாதத்துக்கு 22 வேலை நாள், ஆக 88 மணிநேரம். ஒரு வாரத்தில் இருப்பதே 168 மணிநேரம்தான் என்று பார்த்தால், மாதாமாதம் அரை வாரத்தை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) சிக்னல்களுக்குக் காணிக்கை போட்டிருக்கிறேன். அந்த நேரம் எதிலிருந்து போயிற்று? தூக்கத்திலிருந்தும் சமையலிலிருந்தும் நடையிலிருந்தும்தான். ஆபீஸ் நேரத்தில் கை வைக்க முடியாதே.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸ் போகும் நேரத்திலேயே, நீங்கள் எதில் போகப்போகிறீர்களோ அதிலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரோக்கரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து "இருபது நிமிஷம் சார்" என்று கேட்டது செல்லாது. மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலைக்காகச் சாலையைச் சுருக்கியிருக்கும் இடங்களில் கூகுள் மேப் சொல்லும் நேரத்தையும் அப்படியே நம்பவேண்டாம். நிலையங்களை ஒட்டி ஆபீஸ் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்: டைடல் பார்க்குக்கு திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், கிண்டிக்கு மெட்ரோவும் மின்சார ரயிலும் உண்டு. ரயிலில் போகிறவர் தன்னை அறியாமலேயே படி ஏறுகிறார், நிலையம் வரை நடக்கிறார். கேபில் போகிறவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆபீஸ் வாசலில் எழுந்திருக்கிறார். கேப் வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் ஆறு பேரை ஏற்றி இறக்கும் கேபில் கடைசி ஆளாக இறங்கிப் பாருங்கள், தெரியும்.

என் கணக்கு இது: ஒரு பக்கப் பயணம் 40 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்காக வாடகை இரண்டாயிரம் மூவாயிரம் கூடினால் கொடுங்கள், வேறு எதிலாவது குறைத்துக்கொள்ளலாம். அப்புறம், வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பார்ப்பதாக இருந்தால் 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர் மளிகைக்கடைக்காரரிடம் கேளுங்கள். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள், வெள்ளத்துக்கும் நல்லது, இதயத்துக்கும் நல்லது.

முதல் ஆறு வாரம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்களோ, அதுதான் உங்கள் நேரம்

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணிநேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணிநேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம், இதயத்துக்கு ரத்தம் குறைந்து வரும் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். இப்படி நீண்ட நேரம் உழைத்ததால் 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 7,45,000 பேர். நூறு வயதுத் தீவு இருக்கும் அதே ஜப்பானில்தான் வேலை செய்தே சாவதற்கு "கரோஷி" என்று தனியாக ஒரு சொல்லே உண்டு, அதைத் தடுக்க 2014-ல் ஒரு சட்டமும் போட்டார்கள். இது இப்படியிருக்க, நம் ஊரில் பெரிய முதலாளிகள் வாரத்துக்கு 70 மணிநேரம், 90 மணிநேரம் என்று ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டில் சமைக்க ஆள், வண்டி ஓட்ட ஆள், துணி மடிக்க ஆள். நமக்கு?

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி நாளைக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 48 மணிநேரம்தான் சாதாரண வேலை நேரம். அதற்கு மேல் என்றால் இரட்டிப்புக் கூலி, அதற்கும் ஒரு வரம்பு. மேலாளர் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, 24 வயதுப் பையன்கள் பெயருக்குப் பின்னாலெல்லாம் மேனேஜர் என்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும். இந்த எட்டு மணிநேரம் சும்மா வந்ததும் இல்லை. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியதே நம் சென்னைக் கடற்கரையில்தான், 1923-ல், சிங்காரவேலர் முன்னின்று நடத்தியது. சரியாக நூறு வருடம் கழித்து 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணிநேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றுவிட்டதாக முதல்வர் அறிவித்தார்.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நில்லுங்கள் என்று சொல்லமாட்டேன், புதிதாகச் சேர்ந்தவர் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேறு வழி இருக்கிறது. சேர்ந்த முதல் ஆறு வாரம் டீமில் எல்லாரும் உங்களைக் கவனிப்பார்கள். அப்போது தினமும் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தால் "இவன் இருப்பான்" என்று முடிவாகிவிடும், அப்புறம் ஒருநாள் ஆறரைக்குப் பை எடுத்தால்கூட "என்ன, ஹாஃப் டேயா?" என்பார்கள். முதல் வாரத்திலிருந்தே கொடுத்த வேலையை முடித்துவிட்டு நேரத்துக்குக் கிளம்பினால் அதுவும் அதே மாதிரி பழகிவிடும். ரிலீஸ், அதாவது செய்த மென்பொருளை வெளியிடும் வேலை, இருக்கும் வாரத்தில் உட்காரத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. ரிலீஸே இல்லாத வாரத்தில் பெரியவர் எழுந்திருக்கவில்லை என்பதற்காக உட்கார்ந்திருப்பதுதான் வீண். சாயங்காலம் ஆறு மணிக்குப் புது வேலை வந்தால் முடியாது என்று சொல்லவேண்டாம். "சார், நாளைக்குக் காலையில பதினொரு மணிக்குள்ள கைக்குத் தந்துடுறேன், பரவாயில்லையா?" என்று கேளுங்கள். பத்தில் ஏழு தடவை பரவாயில்லை என்றுதான் பதில் வரும், நான் எண்ணியிருக்கிறேன்.

இன்னொன்று. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை 1967-லிருந்து பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வுகளில் மைக்கேல் மார்மட் கண்டுபிடித்தது எல்லாரும் நினைப்பதற்கு நேர் எதிர். பெரிய பதவி, பெரிய டென்ஷன், ஆகவே மேலதிகாரிக்குத்தான் மாரடைப்பு வரும் என்போம். இல்லை, பதவி கீழே போகப்போகத்தான் சாவு விகிதம் கூடியது. பின்னால் வந்த ஆய்வு காட்டிய முக்கியமான காரணம், தன் வேலையின்மேல் தனக்கு எந்தப் பிடியும் இல்லாமல் இருப்பது. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பெரிய பிடியெல்லாம் கிடைக்காது. சின்னதாக ஒன்றிரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மதியச் சாப்பாட்டு நேரம் என்னுடையது, எந்த வேலையை முதலில் எடுப்பது என்பது என்னுடையது, ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் மியூட். பிரான்சில் 2017-லிருந்து வேலை நேரத்துக்குப் பின் தொடர்பில்லாமல் இருப்பதே ஒரு சட்ட உரிமை. இங்கே அது நம் கட்டைவிரலில் இருக்கிறது.

ஷிப்ட் என்றால்

பகல் வேலைக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு: ஏழு மணிநேரத் தூக்கத்துக்குக் குறையாதீர்கள், டீ காபியை மாலை நான்கோடு முடியுங்கள்.

இரவு ஷிப்ட்காரர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லவேண்டும். உடலின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியை, புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள காரணிகளில் ஒன்றாக, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் வகைப்படுத்தியது, 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் மாற்றவில்லை. பயந்து ஓடச் சொல்லவில்லை. எத்தனை வருடம் என்று மனதுக்குள் ஒரு எல்லை வைத்துக்கொண்டு சேருங்கள், ஷிப்ட் அலவன்ஸ் ருசி கண்டுவிட்டால் விடுவது கஷ்டம். வாராவாரம் மாறும் ஷிப்டைவிட ஒரே ஷிப்டில் சில மாதம் இருப்பது உடம்புக்குச் சுலபம், கேட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகும் முன் வீட்டில் முழுச் சாப்பாடு. நள்ளிரவுக்கு மேல் ஃபுட் கோர்ட்டில் பரோட்டா, ஃப்ரைட் ரைஸ் வேண்டாம், அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கும் நிலையில் இல்லை. சுண்டல், முட்டை, வாழைப்பழம், மோர் என்று கையில் கொண்டுபோங்கள். காலையில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெளிச்சம் கண்ணில் விழுந்தால் மூளை விடிந்துவிட்டது என்று முடிவு செய்துவிடும். ஜன்னலுக்குக் கனமான திரை, அது கிடைக்கும்வரை பழைய பெட்ஷீட். ரூம்மேட் பகல் ஷிப்ட் என்றால் ரூம்மேட்டை மாற்றுவது நல்லது, நட்பும் தப்பிக்கும்.

நாற்காலி

1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர், நடத்துநர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குபவர். ஒரே பஸ், ஒரே புகை. இதய நோய் ஓட்டுநர்களுக்குத்தான் கூடுதல். நாம் எல்லாரும் இப்போது ஓட்டுநர் சீட்டில்தான் இருக்கிறோம், பஸ்தான் நகரவில்லை.

செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்கவேண்டும், அவ்வளவுதான். அலாரம் வைத்தால் இரண்டு நாளில் அணைத்துவிடுவோம், அதனால் தந்திரம் வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் பதில் சின்ன பாட்டில் வைத்துக்கொண்டால் நிரப்பப் போகவேண்டியிருக்கும், குடித்த தண்ணீர் பாத்ரூமுக்கு எழுப்பும். போனில் வரும் கால் எல்லாம் நின்றுகொண்டே பேசுங்கள். முக்கியமானது மதியம் சாப்பிட்டபின் பத்து நிமிட நடை, சாப்பாட்டுக்குப்பின் ஏறும் சர்க்கரையை அது அங்கேயே தட்டிவைக்கும். கத்திரி வெயிலில் எப்படி நடப்பது என்பீர்கள். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நானும் என் டீம் பையன்கள் இருவரும் நடக்க ஆரம்பித்தபோது செக்யூரிட்டி அண்ணன் மூன்று நாள் சந்தேகமாகப் பார்த்தார், நான்காம் நாளிலிருந்து அவரும் சேர்ந்துகொண்டார்.

தி.நகர் ரங்கநாதன் தெருவிலோ புரசைவாக்கத்திலோ துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை வேலைக்கு வருகிறவர்களுக்குப் பிரச்சினை நேர் எதிர், பத்து பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறார்கள். கால் வீக்கம், முதுகுவலி, நரம்பு சுருட்டிக்கொள்வது. 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது, கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை போட்டே ஆகவேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். ஸ்டூல் இருக்கிறதா என்று சேரும் முன்பே கடைக்குள் ஒரு பார்வை விடுங்கள், ஸ்டூல் இருந்தும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று இன்னொரு பார்வை. ராத்திரி படுக்கும் முன் சுவரில் காலைத் தூக்கிவைத்துப் பத்து நிமிடம் படுத்தால் வீக்கம் வடியும்.

டீ, சோறு, ராத்திரி பிரியாணி

டீயிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஆபீஸ் வாழ்க்கையில் சர்க்கரை நுழையும் வாசல் அதுதான். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து கிராமுக்குக் கிட்ட. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஐம்பது கிராம். தனியாகச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டீயை விடவேண்டாம், டீக்கடை என்பது நட்பும் வம்பும் ப்ரமோஷன் ரகசியமும் கிடைக்கும் இடம். "மாஸ்டர், சக்கரை இல்லாம" என்று சொல்லப் பழகுங்கள். முதல் வாரம் கஷாயம் மாதிரி இருக்கும். மூன்றாம் வாரம் மற்றவர்கள் டீ பாயசம் மாதிரி இருக்கும். கூடவே வரும் வடை, பஜ்ஜியை வாரம் இரண்டு நாளுக்கு என்று கட்டிவிடுங்கள்.

அப்புறம் சோறு. சென்னையில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் செய்த க்யூர்ஸ் ஆய்வில், அவர்கள் தினமும் எடுத்துக்கொள்ளும் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதாவது பெரும்பாலும் வெள்ளைச் சோற்றிலிருந்து, வருகிறது என்று தெரிந்தது. மெஸ்ஸில் தட்டைப் பாருங்கள், மலை மாதிரி சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், எண்ணிப் போட்ட அப்பளம். இதை மாற்றச் செலவே இல்லை. பொரியலை இரண்டு தடவை கேட்டு வாங்கி முதலில் அதைச் சாப்பிடுங்கள், பிறகு கூட்டு, பிறகு சோறு, இரண்டாவது சோற்றுக்குப் பதில் மோர். முட்டை இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுண்டல். வயலில் நாற்று நட்டவர்களின் தட்டு அது, உட்கார்ந்து எக்செல் பார்ப்பவர்களுக்கு அதில் பாதி போதும்.

பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) சாப்பாடு பற்றிப் பேசி என் வாயைக் கிளறவேண்டாம். ஒரு குக்கர், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்க அனுமதி உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு ஆப்பில் பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பதுதான் சென்னையில் தனியாக இருக்கும் இளைஞர்களின் தேசிய உணவு. அதை ஒழிக்க ஒரே வழி, வீடு திரும்பும்போது பசியோடு திரும்பாமல் இருப்பது. மாலை ஆறு மணிக்கு ஆபீஸிலேயே நிலக்கடலையோ கொண்டைக்கடலையோ ஒரு கை. கையில் காசு இறுகிப்போகும் மாதக் கடைசியில் அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி ஒரு ரூபாய்க்கு என்று 2013-ல் ஆரம்பித்தார்கள், சாப்பிடக் கூச்சப்படவேண்டாம்.

வெயிலைப் பற்றி ஒரு பத்தி போதும். மே மாதம் கத்திரி வெயிலில் தாகம் எடுத்தபிறகு குடிப்பது தாமதம், சிறுநீர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். டெலிவரி வேலை, சைட் வேலை பார்ப்பவர்களுக்கு மதியம் 12 முதல் 3 வரை நிழல் ஒன்றே மருந்து. வண்டியில் விற்கும் கம்பங்கூழ், மோர், நுங்கு எல்லாம் நல்லது, ஐஸ் எந்தத் தண்ணீரில் போட்டது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யில் இருப்பவர்களுக்குத்தான் தாகமே தெரியாது, சிறுநீரகக் கல் வந்து துடித்த என் நண்பர்கள் எல்லாரும் ஏ.சி. ஆசாமிகள்.

டெஸ்டுக்கு ரத்தம் கொடுங்கள், இப்போதே

25 வயதில் எதற்கு டெஸ்ட் என்று நானும் கேட்டவன்தான். 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர், வயதுவந்தவர்களில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். ஆய்வை நடத்தியதே சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம்தான். மெதுவாக ஏறுவது எதுவும் வலிக்காது என்பதுதான் இதில் சிக்கல், என் 6.1 எந்த வருடம் எச்சரிக்கை எல்லையான 5.7-ஐத் தாண்டியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் நடுவில் ஆறு வருடம் "ரிலீஸ் இருக்கு" என்று ஆபீஸ் செக்கப்புக்கே போகவில்லை.

வேலைக்குச் சேரும் மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை, பிறந்தநாள் வாரத்தில் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. என்ன பார்ப்பது? எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி: 5.7-க்குக் கீழே நல்லது, 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5 ஆனால் நீரிழிவு. ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தம் 120/80-க்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், தொடர்ந்து 140/90 காட்டினால் டாக்டரைப் பார்க்கவேண்டும். படியேறி மூச்சிரைக்க வந்தோ டீ குடித்தவுடனோ பார்க்காதீர்கள், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின் பாருங்கள். எல்லாவற்றையும்விடச் சுலபமானது தையல்காரர் டேப்: தொப்புள் மட்டத்தில் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. எடை சரியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வரும் நம் ஊர் உடம்புக்கு எடை மெஷினைவிட இந்த டேப்தான் உண்மை பேசும்.

ஆபீஸில் இலவசம் என்றால் விடாதீர்கள். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கார்டு இருக்கும், கே.கே.நகரிலும் அயனாவரத்திலும் பெரிய மருத்துவமனைகள் உண்டு, கார்டை வாங்கிப் பர்ஸில் வையுங்கள், கடை முதலாளி மேஜை டிராயரில் இருந்தால் பிரயோஜனமில்லை. ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் முழு உடல் பரிசோதனை செய்கிறார்கள். சந்தேகம் கேட்க 104-க்கு அழைக்கலாம்.

ஆட்கள்

ஹார்வர்டில் 1938-ல் ஆரம்பித்து இன்றும் நடந்துகொண்டிருக்கும் ஒரு ஆய்வு உண்டு. சில நூறு பேரின் வாழ்க்கையை வாலிபத்திலிருந்து சாவு வரை கூடவே போய்ப் பார்த்தார்கள். ஐம்பது வயதில் யார் தன் உறவுகளில் திருப்தியாக இருந்தார்களோ அவர்கள்தான் எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள், கொலஸ்ட்ரால் அளவைவிட அது நன்றாகக் கணித்தது. சென்னைக்கு வரும்போது நாம் இழப்பது முதலில் இதைத்தான். ஊரில் தெருவில் இறங்கினால் நான்கு பேர் "எங்க கிளம்பிட்ட?" என்பார்கள், எரிச்சலாக இருக்கும். இங்கே மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது கதவைத் தட்டியது தண்ணீர் கேன் போடுகிற தம்பி ஒருவன்தான்.

ஆபீஸ் நண்பர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வேலை மாறினால் குரூப்பும் மாறிவிடும். ஆபீஸுக்கு வெளியே வாரத்துக்கு ஒருமுறை, அதே நாள், அதே நேரம், அதே ஆட்களைப் பார்க்கும்படி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை கிரிக்கெட், மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா நடை, நூலகம், பஜனை, சர்ச் பாடகர் குழு, எதுவானாலும் சரி. எனக்கு அது பெசன்ட் நகர் கடற்கரையில் ஊர்க்காரர்கள் ஏழு பேர் சனிக்கிழமை காலை உட்கார்ந்து வெட்டியாகப் பேசுவது. மனசு தாங்காத நாள் வந்தால், தூக்கம் போய் எதிலும் ஒட்டுதல் இல்லாமல் இரண்டு வாரம் ஓடிவிட்டால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், அரசு நடத்துவது, இலவசம், தமிழிலேயே பேசுவார்கள், எந்நேரமும் எடுப்பார்கள்.

சரி, இப்போது ஜிம்

மேலே சொன்னதெல்லாம் ஓரளவு ஒழுங்கானபின் உடற்பயிற்சிக்குத் தானாகவே நேரம் கிடைக்கும், அதற்கு முன் கிடைக்காது. வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை, இரண்டு நாள் தசைக்கு ஏதாவது. மெரினா, அண்ணாநகர் டவர் பூங்கா, தி.நகர் நடேசன் பூங்கா எல்லாம் காலை ஐந்தரைக்கே நிரம்பிவிடும். சுகாதாரத்துறை 2023-ல் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று பெசன்ட் நகரில் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறது. ஓ.எம்.ஆர். ஓரத்தில் மாலை ஏழு மணிக்கு மட்டும் நடக்காதீர்கள், அந்தப் புகைக்கு வீட்டில் படுத்திருக்கலாம். ஜிம்தான் வேண்டும் என்றால் மாதக் கட்டணம் கட்டுங்கள், வருடக் கட்டணத்துக்கு என்ன தள்ளுபடி கொடுத்தாலும் தலையை ஆட்டவேண்டாம்.

நான் அம்பத்தூரை விட்டு நாவலூருக்கு வந்து, டீயில் சர்க்கரையை விட்டு, பேஸ்மென்டில் நடக்க ஆரம்பித்துப் பதினான்கு மாதத்தில் எச்பிஏ1சி 5.6-க்கு வந்தது, எடை 74. ரத்த அழுத்தத்துக்கு இன்னும் ஒரு மாத்திரை ஓடுகிறது, அது போகவில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை, பிரஷர் எந்த வயதில் வந்தது, தாத்தா பெரியப்பா எல்லாம் எதனால் போனார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த தடவை டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கும், நெல்லை, பாண்டியன் எல்லாம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கத்திலிருந்து பஸ், அங்கே போய்ச் சேரவே ஒரு மணிநேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.